பதினாறு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம்

சேலம் விமான நிலையம் சேலம் நகரத்துக்குள் இல்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் ஏ.டி.ஆர். விமானத்தின் படிக்கட்டில் இறங்கும் பயணி கிழக்கே திரும்பிப் பார்த்தால் சேர்வராயன் மலை முழு நீளத்துக்கும் படுத்திருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த நாளில் மலையின் மடிப்புகளைக்கூட எண்ணிவிடலாம். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு பக்கம்.

உண்மையிலேயே பக்கம்தான். ஓடுதளத்திலிருந்து அந்த மலைமேல் இருக்கும் ஏற்காடு ஏரிக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் நீளம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து காமலாபுரத்துக்கு அதே மாதிரி கோடு போட்டால் 265 கிலோமீட்டர். இந்த 265 கிலோமீட்டருக்கு விமானக் கால அட்டவணை ஒதுக்குவது ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும். மிச்சமிருக்கும் 16 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வாரக்கடைசியில் அதற்கும் மேல்.

கணக்கைப் புரட்டிப் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். விமானம் நேர்கோட்டுக் கணக்கில் மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பயணியை நகர்த்துகிறது. அதன் பிறகு ஏற்காடு போகிற கார், அதே நேர்கோட்டுக் கணக்கில், மணிக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான் நகர்த்துகிறது. சைக்கிளில் அவசரமில்லாமல் போகிறவரின் வேகம் அது. இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும் கைப்பேசி ஒரு நொடியில் பதில் சொல்லிவிடும். ஏற்காட்டுக்கு அந்தப் பதில் போதாது. இங்கே பயண நேரத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, உயரம்.

காமலாபுரம் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 307 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,515 மீட்டரில். நடுவிலுள்ள 1,200 மீட்டரை ஏறத்தான் அந்த நேரம் முழுவதும் செலவாகிறது.

*

மீனம்பாக்கத்திலிருந்து காமலாபுரம் வரைக்குமான அந்த நேர்கோட்டை ஒருமுறை தரையில் வைத்துப் பார்ப்பது நல்லது. விமானங்கள் ஒதுக்கப்பட்ட வான்வழிகளில் சற்று வளைந்துதான் பறக்கும். ஆனால் கோடு காட்டும் நிலம் சுவையானது. மீனம்பாக்கத்தை விட்டதும் காஞ்சிபுரத்துக்குச் சற்றுத் தெற்கே பாலாற்றைக் கடக்கிறது. பிறகு செய்யாறு. திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் நடுவே புகுந்து, செங்கத்துக்குத் தெற்கே போய், தென்பெண்ணையைத் தாண்டி, ஏறக்குறைய அரூரின் தலைக்கு மேல் போகிறது. அரூரைத் தாண்டினால் சேர்வராயன் மலையின் வட சரிவு. நேராக வந்து இறங்கும் விமானத்தில் இடப்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்தவருக்கு மலை தெரியும்.

இந்தக் கோட்டில் முதலில் வந்தவர்கள் விமானப் பயணிகள் அல்ல. சேர்வராயன் மலையின் மூத்த குடிகள் மலையாளிகள். கேரளத்தோடு இந்தப் பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆளுகிறவர்கள் என்பது பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று இவர்களுடைய வழிவழிக் கதை சொல்கிறது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் காஞ்சியை விட்டுப் புறப்பட்டார்கள். ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை மக்கள் அவர்களுடைய வழிவந்தவர்கள். ஆண்டு குறித்த ஆவணம் எதுவும் இதற்கு இல்லை. ஆனால் காஞ்சியிலிருந்து ஏற்காட்டுக்கு நேர்கோடு போட்டால் சுமார் 200 கிலோமீட்டர் வருகிறது. மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் நாளுக்கு இருபது கிலோமீட்டர் நடந்தாலும் பத்து நாள் நடை. காடும் ஆறும் குறுக்கிட்டால் இன்னும் கூடும். இந்த மலைக்கான பயண நேரம் முதலில் நாள் கணக்கில்தான் எண்ணப்பட்டிருக்கும்.

சேர்வராயன் கோயில் மலையின் உச்சியில், 1,623 மீட்டர் உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகைக்குள் இருக்கிறது. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்ட மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டு வருகிறார்கள். அவர்களில் பலருக்குக் கொண்டை ஊசி வளைவுகள் தேவைப்பட்டதே இல்லை. ஒற்றையடிப் பாதைதான் அவர்களுடைய நேர்கோடு.

*

பயணத்தின் இரண்டு முனைகளையும் இணைக்கிற இன்னொரு பொருள் காலடியில் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தை ஒட்டி நிற்கும் பல்லாவரம் குன்றுகளும் சேர்வராயன் மலையும் ஒரே வகைப் பாறையால் ஆனவை. அதன் பெயர் சார்னோகைட். கல்கத்தாவின் தொடக்கத்தோடு இணைத்துப் பேசப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் போடப்பட்ட கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறை வகையை ஆராய்ந்து சார்னோக்கின் பெயரையே அதற்கு வைத்தார். பல்லாவரத்துப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முன்பு பூமியின் ஆழத்தில் வெந்து உருவான கல் இது. புறப்படும் இடத்திலும் அதே கல், போய்ச் சேரும் இடத்திலும் அதே கல்.

அந்த இரண்டு இடங்களையும் தன் வாழ்க்கையில் சேர்த்துக் கட்டிய ஒரு மனிதரும் உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக 1858இல் சென்னைக்கு வந்த ஆங்கிலேயர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் செம்மண் சரளைக்குள் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்குச் சொன்ன கல் அது. இன்று விமானங்கள் தாழ்ந்து பறக்கிற வட்டாரத்தில் கிடைத்தது. தென்னிந்தியா முழுவதும் நடந்தும் குதிரையிலும் சுற்றிக் கற்கருவிகளைச் சேகரித்த ஃபூட், கடைசிக் காலத்தில் வாழத் தேர்ந்தெடுத்த ஊர் ஏற்காடு. சேர்வராயன் மலையிலும் வழுவழுப்பாகத் தேய்த்த கற்கோடரிகளைச் சேகரித்தார். அவருடைய பெருந்தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1912இல் அவர் இறந்தார். ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவு நிற்கிறது.

ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பள்ளிகளை நடத்தி, ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர். பின்னர் சென்னைக்கு வந்து ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தியவர். அவர் 1882இல் கண்மூடியதும் ஏற்காட்டில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பாய்க்கப்பலில் சென்னை, அங்கிருந்து சேலம், பிறகு மலை. அந்தத் தலைமுறையின் பயண வழி அது.

*

அந்தக் காலத்துப் பயண நேரத்தை இன்று கற்பனை செய்வதே கடினம். சேலத்தில் 1820 முதல் 1829 வரை கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் எம்.டி. காக்பர்ன்தான் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டவர். பேரிக்காயும் ஆப்பிளும்கூட அவர் காலத்தில் வந்தவை. அவரைப் போன்றவர்கள் பிரிட்டனிலிருந்து சென்னைக்கு வர ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டியிருந்தது. காற்று ஒத்துழைத்தால் நாலு மாதம். இல்லாவிட்டால் ஆறு மாதம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நீராவிக் கப்பலில் அது ஒரு மாதத்தை ஒட்டி வந்தது. இன்று லண்டனுக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள சுமார் 8,200 கிலோமீட்டரை விமானம் பத்து, பதினோரு மணி நேரத்தில் முடிக்கிறது.

இந்தப் பத்தா பதினொன்றா என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. பெரிய விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு வேகக் காற்றோட்டம் ஓடுகிறது. லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தை அது முதுகில் தள்ளுகிறது; சென்னையிலிருந்து போகும் விமானத்தை மார்பில் தடுக்கிறது. அதனால் ஒரே தூரத்துக்குப் போகும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுகிறது. தூரம் மாறாமல் நேரம் மாறுவதற்கு வானத்தில் காற்று காரணம் என்றால், ஏற்காட்டில் மலை காரணம்.

அந்த விமானத்துக்குள் ஏற்காடும் ஒளிந்திருக்கிறது. பத்தாயிரம் மீட்டருக்கு மேல் பறக்கும் பெரிய விமானத்தின் உள்ளே காற்றழுத்தத்தைத் தரையில் இருப்பது போல வைப்பதில்லை. 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கிற அளவுக்குத்தான் வைக்கிறார்கள். லண்டன் விமானத்தில் பத்து மணி நேரம் உட்காருகிறவர் ஏற்காட்டைவிட மெல்லிய காற்றைத்தான் சுவாசிக்கிறார். விமானம் இறங்கும்போது அடைக்கிற காதும், மலைப்பாதையில் பாதி வழியில் ‘பட்’டென்று திறக்கிற காதும் ஒரே காரணத்தால் நடப்பவை.

*

சென்னையையும் சேலத்தையும் முதலில் நெருக்கமாக்கியது இரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் ஓடியது. ஆறே ஆண்டுகளில், 1862இல், அந்தப் பாதை சேலத்தைக் கடந்து மேற்குக் கரையின் பேப்பூரை எட்டிவிட்டது. மாட்டு வண்டியில் பல நாள் பிடித்த வழி ஒரு நாளுக்குள் அடங்கியது. ஆனால் நீலகிரிக்குப் போல மலை இரயில் ஏற்காட்டுக்குக் கிடைக்கவில்லை. சேலத்தில் இறங்கியவர்கள் அடிவாரம் வரை வண்டியில் வந்து, அங்கிருந்து மட்டக்குதிரையிலோ, ஆட்கள் சுமந்த டோலியிலோ மேலே போனார்கள்.

இரயில் பாதையும் இந்த மலையை மதித்துத்தான் போகிறது. ஜோலார்பேட்டையில் திரும்பி, மொரப்பூர், பொம்மிடி வழியாக வந்து, லோகூருக்கும் டேனிஷ்பேட்டைக்கும் இடையில் காட்டுக்குள் வளைந்து இறங்கி, மலையை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டே சேலத்தை அடைகிறது. சேலத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர் மேக்னசைட் ஜங்ஷன். சேலத்துக்காரர்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் தாதுவின் பெயரால் நிற்கும் நிலையம். வெள்ளைவெளேரென்று தோண்டிப் போட்ட அந்தச் சுரங்கங்கள் விமானத்திலிருந்தும் தெரியும், மலைப்பாதையிலிருந்தும் தெரியும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் புறப்பட்டு ஈரோடு போகும் ‘ஏற்காடு எக்ஸ்பிரஸ்’ சேலம் மக்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. தலைமுறைகளாகச் சென்னையில் வேலை பார்க்கும் சேலத்துக்காரர்கள் அதில்தான் ஊருக்கு வருகிறார்கள். விடியும் முன் சேலம் சந்திப்பில் இறங்குகிறவருக்கு முதல் பேருந்தைப் பிடித்து மலையேறிவிட்டால் காலைப் பனியோடு ஏரியைப் பார்க்க வாய்க்கும். இரவுத் தூக்கத்தையே பயண நேரமாக மாற்றுகிற வழி அது. பகலில் போகிறவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் சென்னை–கோவை வந்தே பாரத் ஓடுகிறது. சென்னை–சேலம் இரயில் தூரமான சுமார் 334 கிலோமீட்டரை நாலு மணி நேரத்துக்குள் முடிக்கிறது.

*

விமானம் சேலத்துக்குப் புதிது அல்ல, நிலைத்ததுதான் அபூர்வம். சென்னை வானத்துக்கு அஞ்சல் விமானம் வந்தது 1932இல். அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய் வரை ஓட்டி வந்த விமானத்தை, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். சேலத்துக்கு விமான நிலையம் கிடைக்க அதன் பிறகு அறுபது ஆண்டுகள் ஆயின. 1993இல் காமலாபுரத்தில் நிலையம் வந்தும் சேவை தொடரவில்லை. 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, நின்றது. சிறு நகரங்களை இணைக்கும் உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் சென்னை–சேலம் விமானத்தைத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் அது தடுமாறி நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தபோது மீண்டும் கதவு திறந்தது.

வருவதும் போவதுமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓடுதளத்தின் நீளம் சுமார் 1,800 மீட்டர். எழுபது பேர் அளவில் ஏறும் விசிறிச் சுழலி விமானங்கள்தான் இங்கே வசதியாக இறங்கும். பெரிய ஜெட் விமானம் வர ஓடுதளம் நீள வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகளின் நிலங்களில் சுமார் 570 ஏக்கரை எடுக்கும் திட்டம் வந்தபோது அவர்கள் எதிர்த்தார்கள். கிணறும் தென்னையும் இருக்கிற நிலத்துக்குப் பணம் மாற்று ஆகாது என்பது அவர்களுடைய வாதம்.

தரையிலும் அதே வாதம் எழுந்தது. 2018இல் அறிவிக்கப்பட்ட சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையின் நீளம் 277 கிலோமீட்டர். இப்போதுள்ள சாலை வழியைவிட அறுபது கிலோமீட்டருக்கு மேல் குறையும், பயணம் பாதி நேரமாகும் என்றார்கள். அந்தப் பாதை காஞ்சிபுரம், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்கள் வழியாக, அரூர் பக்கம் வந்து, சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவிலுள்ள மஞ்சவாடிக் கணவாயில் புகுந்து சேலத்தை அடையும் என்பது திட்டம். மலையாளிகளின் வழிவழிக் கதையும், விமானத்தின் நேர்கோடும், இந்தச் சாலைத் திட்டமும் ஒரே நிலத்தின் மேல் போகின்றன. நிலம் எடுக்கும் நடவடிக்கையை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக முறைப்படி அறிவித்து நிலம் எடுக்கலாம் என்று வழிவிட்டது. நேர்கோடு வரைவது எளிது. அதன் கீழே யாருடைய வயல் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் தூரத்தைக் கணக்கிட வேண்டும்.

*

வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரை வரை மொத்த நேரத்தைப் போட்டுப் பார்க்கலாம். விமானம் என்றால், முதலில் மீனம்பாக்கம் போய்ச் சேரும் நேரம். பிறகு சோதனைக்காக ஒன்றரை மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். கால அட்டவணையில் காட்டும் ஒரு மணிச் சொச்சத்தில் விமானம் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கி நிறுத்துவதும் சேர்த்தி. உண்மையில் வானத்தில் இருப்பது அதைவிடக் குறைவு. இறங்கிப் பெட்டி எடுத்து, நாற்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் காரில் வந்தால் ஒன்றரை மணி. கூட்டினால் நாலரை மணி நேரத்தைத் தொடுகிறது. சென்னை நெரிசல் தனிக் கணக்கு. வந்தே பாரத்தில் வந்து பேருந்தோ காரோ பிடித்தால் ஐந்து மணிச் சொச்சம். சொந்தக் காரில் உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் வழியாக வந்தால் ஆறேழு மணி.

265 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் தாண்டும் விமானத்துக்கும், தண்டவாளத்தில் ஓடும் இரயிலுக்கும் கடைசியில் நிற்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். விமானம் மிச்சப்படுத்தியதில் பெரும்பங்கைக் காத்திருப்பும் மலையும் வாங்கிக்கொள்கின்றன.

*

சேலம் நகரத்திலிருந்து ஏற்காடு வரையான அந்தக் கடைசி முப்பது கிலோமீட்டரைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் ஏற்காடு பேருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்துக்கு வருகிறது. அதுவரை அது ஒரு சாதாரண நகரப் பயணம். சோதனைச் சாவடியைத் தாண்டியதும் இயந்திரத்தின் குரல் மாறுகிறது. ஓட்டுநர் இரண்டாம் கியருக்கு இறங்குகிறார். பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறார். சாலையோரம் மூங்கிலும் முள்மரமும். பாறையிலிருந்து கசிந்த நீர் தார்ச்சாலையில் கோடு போட்டிருக்கும்.

முதல் கொண்டை ஊசி வளைவு வருகிறது. எண் எழுதிய பலகை நிற்கிறது. ஓட்டுநர் வளைவுக்கு முன்பே நீண்ட ஒலி கொடுத்து, மேலிருந்து பதில் வருகிறதா என்று கேட்கிறார். லாரி ஒன்று இறங்கி வந்தால் அது மேலேயே நின்று வழி விட வேண்டும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. ஏறும் வண்டி நடுவில் நின்றுவிட்டால் மறுபடி இழுப்பது கடினம். பேருந்து வெளிப்பக்கம் அகலமாகப் போய், ஸ்டீயரிங்கை முழுச் சுற்றாக ஒடித்து, முன்பக்கம் பள்ளத்தின் மேல் எட்டிப் பார்ப்பது போல வந்து திரும்புகிறது. வலப்பக்கம் உட்கார்ந்தவர் பார்த்துக்கொண்டிருந்த சேலம் அடுத்த நிமிடம் இடப்பக்கத்துக்காரருக்குப் போய்விடுகிறது. மதில் மேல் குரங்குக் கூட்டம். இப்படி இருபது வளைவுகள். நடுவே உள்ளூர்க்காரர்கள் அடையாளமாகச் சொல்லும் 40 அடிப் பாலம், 60 அடிப் பாலம். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பவர் ஒருவராவது எல்லாப் பேருந்திலும் இருப்பார்.

பத்து வளைவு தாண்டிய பிறகு காற்று மாறுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி வெப்பம் குறைவது பொது விதி. அடிவாரத்தில் 36 டிகிரி கொளுத்தும்போது மேலே 28க்குப் பக்கத்தில் இருக்கும். மூங்கில் விலகி, சில்வர் ஓக் மரங்கள் நேர்க்கோடுகளாக எழுகின்றன. அவற்றின் தண்டில் மிளகுக் கொடி. நிழலில் காப்பிச் செடி. சித்திரை மழைக்குப் பிறகு காப்பி பூத்திருந்தால், பேருந்து நிற்கும் முன்பே மல்லிகை போன்ற வாசம் உள்ளே வந்துவிடும். விமானத்தில் வந்தவரும் இரயிலில் வந்தவரும் இந்த ஏற்றத்தைத் தவிர்க்க முடியாது.

மே மாதக் கோடை விழாவின்போது இந்த நேரமும் மாறிவிடுகிறது. அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்குமாறு போலீசார் ஒருவழிப் பாதையாக்குகிறார்கள். அப்படிச் செய்தும் ஏரிக்கரையில் வண்டிகள் ஊர்கின்றன.

*

சுற்றுலாப் பயணி இந்த ஒன்றரை மணி நேரத்தைக் காட்சியாக அனுபவிக்கிறார். மலையில் வாழ்கிறவருக்கு அது வேறு பொருள். ஏற்காடு வட்டாரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட மலைக் கிராமங்கள் இருக்கின்றன. ஊரைச் சுற்றி மஞ்சக்குட்டை, நாகலூர் பக்கம் ஓடும் 32 கிலோமீட்டர் லூப் ரோடு, கார் வைத்திருப்பவருக்கு ஒரு மாலை நேர உலா. அதை ஒட்டிய கிராமத்தில் இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு முதலில் லூப் ரோடு, பிறகு இருபது வளைவு, அதன் பிறகு சேலம் நகர நெரிசல். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வரைபடத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது. காமலாபுரத்தில் ஏறியவர் சென்னையில் இறங்கும் நேரத்தில் அந்தப் பெண் இன்னும் வழியில் இருக்கக்கூடும்.

பக்கத்து மலைகளில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்திருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துப் போதமலையில் கீழூர், மேலூர், கெடமலைக்கு நாடு விடுதலை பெற்றுப் பல பத்தாண்டுகள் கழிந்தும் வண்டிச்சாலை இல்லாமல் இருந்தது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்கள் ஆட்களின் தலைச்சுமையாக மேலே போயின. நோயாளிகள் தூளி கட்டிக் கீழே இறக்கப்பட்டார்கள்.

சாலை இருந்தாலும் அது என்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து உள்நாட்டுக்கு வந்தபோது ஏற்காட்டில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்தது, பாறைகள் உருண்டன, போக்குவரத்து நின்றது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையிலுள்ள தூரம் அந்த நாட்களில் எந்த அட்டவணையிலும் இல்லாத தூரம் ஆகிவிட்டது.

ஓடுதளத்தை நீட்டுவது பற்றியும் அகலச் சாலை போடுவது பற்றியும் பேசுகிறவர்கள் இந்தக் கடைசி முப்பது கிலோமீட்டரையும் அதே அக்கறையோடு பேச வேண்டும். சரிவைத் தாங்கும் தடுப்புச் சுவர், மழைநீர் ஓடையை அடைக்காத பாலம், இரவிலும் கிடைக்கும் ஆம்புலன்ஸ், மேல் கிராமங்கள் வரை போகும் பேருந்து. சென்னைக்காரரின் பயணத்தில் அரை மணி நேரம் குறைவதைவிட, நாகலூர்க்காரரின் பயணத்தில் அரை மணி நேரம் குறைவது பெரிய செய்தி.

போகிற பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கைப்பேசி காட்டும் நேரத்தோடு அரை மணி சேர்த்துக்கொண்டு புறப்படுங்கள். பகல் வெளிச்சத்தில் ஏறுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வளைவில் ஒலி கொடுங்கள். கீழிருந்து வண்டி வந்தால் நின்று வழி விடுங்கள்; அதில் சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்ல, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்களும் இருப்பார்கள்.